பின்மதிலை ஒட்டி வாரிய அடுக்குமாடி வருகிறது: சங்கம் எதிர்ப்பு மனு போடலாமா?

நாவலூர்நந்தி

சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம், சுமார் 5 ஏக்கரில் 420 வீடு உள்ள கேட்டட் கம்யூனிட்டி. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசு நிலத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) + 5 மாடியில் 480 வீடு கட்டப்போவதாகப் பேச்சு. சங்க வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சி "கலெக்டருக்கு மனு, கேட்கலன்னா ஹைகோர்ட்ல ஸ்டே" என்கிறது. இன்னொரு கட்சி "மதிலை இன்னும் நாலடி தூக்கினா போதும்" என்கிறது.

மூன்று கேள்வி. சட்டப்படி எதிர்க்க இடம் இருக்கிறதா? வீட்டு விலை விழுமா? நிஜமாகவே கவலைப்பட வேண்டியது எது? விதியும் கணக்கும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "அவங்க வந்தா திருட்டு வரும்" வகையறா குழுவிலேயே போதுமான அளவு இருக்கிறது.

வக்கீல்வண்டு

முதல் கேள்விக்கு மட்டும். "குறைந்த வருமானக்காரர்கள் குடிவருகிறார்கள்" என்பது எந்த நீதிமன்றத்திலும் ஒரு காரணம் கிடையாது. அந்த வாசகம் மனுவில் ஒரு வரி இருந்தால் மற்ற நியாயமான கோரிக்கைகளும் சேர்ந்தே அடிபடும்.

பொது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. அதே விலக்கில்தான் உங்கள் கேட்டட் கம்யூனிட்டியும் வந்திருக்கும்.

பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, நிலத்தின் வகைப்பாடு. கிராம 'அ' பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் உள்ள வருவாய்த் துறைப் பதிவேடு) அந்த சர்வே எண் ஏரி, குளம், வாய்க்கால், ஓடை புறம்போக்கு என்று இருந்தால் அது உண்மையான வழக்கு. யார் குடிவந்தாலும் அங்கே கட்டக்கூடாது. இரண்டு, சாலை அகலம். 18.30 மீட்டர் உயரம் வரை உயர்மாடி அல்லாத கட்டடம். அதைத் தாண்டினால் உயர்மாடி, குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். ஸ்டில்ட் + 5 பெரும்பாலும் 18.30க்குள் அடங்கிவிடும். வாரியம் என்பதால் திட்ட அனுமதி வேண்டாம் என்பது கிடையாது, அவர்களும் சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வாங்கித்தான் ஆக வேண்டும். அனுமதி வந்ததும் நகல் கேட்டு வாங்கி இந்த இரண்டையும் பாருங்கள். அதுவரை ஸ்டே பேச்செல்லாம் வக்கீல் ஃபீஸுக்குத்தான் உதவும்.

பட்டா_பார்

மனு போடுவதற்கு முன்னால் உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கிய) நிலத்தைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவது அதைத்தான்.

விதி இது. சாலை நீங்கலாக மனை 3,000 முதல் 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் 10 சதவீதத் திறந்தவெளியை நிலமாகவோ பணமாகவோ கொடுக்கலாம். 10,000ஐத் தாண்டினால் பணம் செல்லாது, நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 5 ஏக்கர் என்றால் 20,200 சதுர மீட்டர் சொச்சம். ஆக சுமார் 2,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 9 கிரவுண்ட், உங்களுடையது இல்லை. பொதுமக்களுடையது. இந்த விதி செல்லாது என்று வழக்காடிப் பார்த்தார்கள், 2023ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று முடித்துவிட்டது.

எப்படிப் பார்ப்பது:

- விற்பனைப் பத்திரத்தின் அட்டவணையில் சர்வே எண்களை எடுங்கள். உட்பிரிவு உட்பட.
- திட்ட அனுமதி வந்த வருஷத்துக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து இன்றுவரை பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் போடுங்கள். பில்டர் அல்லது பவர் ஏஜென்ட் எழுதிய தானப் பத்திரம் இருக்கும். அதன் எண், பரப்பு, நான்கெல்லை குறித்துக்கொள்ளுங்கள்.
- இ-சர்வீசஸ் தளத்தில் அதே எண்ணுக்குப் பட்டா பாருங்கள். இங்கேதான் சிக்கல். தானம் எழுதியிருப்பார்கள், உட்பிரிவு செய்திருக்க மாட்டார்கள். பட்டா இன்னும் பில்டர் பெயரிலோ பழைய நில உரிமையாளர் பெயரிலோ நிற்கும்.
- அனுமதி வரைபடத்தில் ஓஎஸ்ஆர் எங்கே காட்டியிருக்கிறது, அதற்குப் பொதுச் சாலையிலிருந்து வழி எங்கே என்று பாருங்கள். ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு உள்ள திட்டம் என்றால் வரைபடம் தமிழ்நாடு ரெரா தளத்திலேயே கிடைக்கும்.
- இல்லையென்றால் ஆர்டிஐ. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "தானப் பத்திர நகல், உள்ளாட்சியிடம் ஒப்படைத்த தேதி, தற்போதைய பராமரிப்பு யாரிடம்" என்று மூன்று வரி. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

பல வளாகங்களில் அந்த நிலம் "சில்ட்ரன்ஸ் ப்ளே ஏரியா" என்ற பெயரில் செக்யூரிட்டிக்கு உள்பக்கம்தான் இருக்கிறது.

ஓஎம்ஆர்ஓனர்77

ஆரம்பிச்சாச்சு. 80 லட்சம் லோன் போட்டவன்தான் எப்பவும் குற்றவாளி. அரசாங்க நிலத்துல அரசாங்கம் கட்டட்டும், தப்பே இல்ல. ஆனா ஏன் எப்பவும் தென்சென்னை ஓரமாவே கொண்டு வந்து கொட்டறாங்க? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர்னு வாரியக் குடியிருப்பு ஏற்கெனவே இருக்கு. இதுக்கு மேல 480 வந்தா ரீசேல்ல முதல் கேள்வியே "பின்னாடி என்ன?"ன்னுதான் வரும்.

கோட்டூர்கோபு

உங்கள் கேள்வியில் பாதி சரி. அந்தப் பாதியை எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாக்கத்தில் திட்டமிட்டது 23,864 வீடு. கண்ணகி நகரில் 15,656, அதை ஒட்டி எழில் நகரில் 8,048, செம்மஞ்சேரியில் 6,764. கூட்டினால் 54,332. ஒரே திசையில், சில கிலோமீட்டர் வட்டத்துக்குள். நகரின் நடுவே கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை வேலையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் வீடு நிரம்பிய பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. வேலையும் போய், பஸ்ஸும் இல்லாமல், ஒரே வருமானப் படியில் இருப்பவர்களை மட்டும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைத்ததன் விளைவைத்தான் "அந்த ஏரியா" என்று குழுவில் பேசுகிறீர்கள். குற்றம் அந்த அளவில், அந்தத் தூரத்தில். குடிவந்த ஆளிடம் இல்லை.

480 வீடு அந்தக் கணக்கில் வராது. பெரும்பாக்கத்தில் 50ல் ஒரு பங்கு. வாரியத் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இப்படிச் சின்னச் சின்னதாக, ஏற்கெனவே பஸ்ஸும் பள்ளிக்கூடமும் வேலையும் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். அதை எதிர்த்தால் அடுத்த 20,000 வீடும் மறுபடி ஒரே மூலைக்குத்தான் போகும்.

எழில்நகர்எழிலி

விலை பற்றி எல்லாரும் பேசுறீங்க, முகவரி பற்றியும் பேசலாம். கண்ணகி நகர்னு பயோடேட்டால போட்டா கூப்பிட மாட்டாங்கன்னு "துரைப்பாக்கம்"னு மட்டும் எழுதுற பசங்க நிறைய. டெலிவரி, கடன், வாடகை வீடு எல்லாத்துலயும் இதே கதைதான். அதே பின்கோடுல இருக்கிற வளாகங்கள்ல காலையில ஆறு மணிக்கு உள்ள போற ஹவுஸ்கீப்பிங், சமையல், செக்யூரிட்டி, தோட்ட வேலை ஆட்கள் எங்கேயிருந்து வர்றாங்கன்னு கேட் ரிஜிஸ்டரைத் திறந்து பாருங்க. ஆப்ல ஃபோட்டோ, ஆதார், கைப்பை சோதனை எல்லாம் முடிச்சு உங்க சமையலறைச் சாவியைக் கொடுக்கிறீங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தா மட்டும் ஆபத்தா?

நடைமுறைக்கு ஒண்ணு சொல்றேன். பின்மதில்ல நாலடி அகலத்துக்கு ஒரு சின்ன கேட், காலை 6 முதல் இரவு 8 வரை, அதே ஆப், அதே செக்யூரிட்டி. அது இல்லன்னா மெயின் கேட் வரை சுத்திக்கிட்டு சர்வீஸ் ரோட்ல நடக்கணும், லாரி ஓடற ரோடு. வேலைக்கு வர்ற பொம்பளைங்க லேட்டா வர்றதுக்குப் பாதிக் காரணம் உங்க மதில்தான்.

ஓஎம்ஆர்ஓனர்77

பின் கேட்டுக்கு ரெண்டு ஷிஃப்ட் செக்யூரிட்டி யார் சம்பளம் கொடுக்கறது? ஒரு பாயின்ட்டுக்கு மாசம் 35,000 ஆகும்.

எழில்நகர்எழிலி

420ஆல வகுங்க. வீட்டுக்கு 83 ரூபாய்.

எஸ்டிபிசாமி

நிஜக் கவலை எது என்று கேட்டவருக்கு: கழிவுநீர். கணக்குப் போடுவோம்.

480 வீடு, வீட்டுக்கு நாலரை பேர், 2,160 பேர். ஆளுக்கு 135 லிட்டர் வைத்தால் தினம் 2.9 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதத்துக்கு மேல் கழிவாக வெளியே வரும், 2.35 லட்சம் லிட்டர். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லையென்றால் 250 கேஎல்டி (தினம் 250 கிலோலிட்டர்) எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அது ஓடாமல் லாரி வைத்தால் 12,000 லிட்டர் லாரி தினம் 20 நடை. அந்த லாரி எங்கே கொட்டும் என்று யாரும் கேட்பதில்லை.

எஸ்டிபி கட்டுவது பெரிய காரியம் இல்லை, ஓட்டுவதுதான். தோராயமாக ஒரு கேஎல்லுக்கு 1 யூனிட் கரன்ட் வைத்தால் தினம் 250 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் மாதம் 67,000 சொச்சம். 480ஆல் வகுத்தால் வீட்டுக்கு 140. ஆபரேட்டர், கெமிக்கல், சேறு அள்ளுவது தனி. இந்தக் காசு வராதபோது முதலில் நடப்பது ராத்திரி ப்ளோயரை (தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரம்) நிறுத்துவது. காற்று நின்றால் சில மணி நேரத்தில் ஏரேஷன் தொட்டியில் பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். காலையில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பக்கத்து நாற்றத்தைக் குறை சொல்லும் வளாகங்களிலேயே பாதி இதைத்தான் செய்கின்றன, கரன்ட் பில் குறைக்க.

சோதிக்க லேப் வேண்டாம். ஏரேஷன் தொட்டியிலிருந்து 1 லிட்டர் கண்ணாடி ஜாடியில் எடுத்து ஆடாமல் 30 நிமிஷம் வையுங்கள். அடியில் 250 முதல் 350 மில்லி பழுப்புச் சேறு, மேலே தெளிந்த நீர் என்றால் ஆரோக்கியம். 100க்குக் கீழே என்றால் உயிர் இல்லை. 700 தாண்டினால் சேறு அள்ளவே இல்லை. கறுப்பு என்றால் ப்ளோயர் நிற்கிறது. முதலில் உங்கள் தொட்டியில் செய்து பாருங்கள்.

மனுவில் கேட்க வேண்டியது: பெருநகரக் குடிநீர் வாரிய இணைப்பு எப்போது, அதுவரை எஸ்டிபி திறன் எவ்வளவு, முதல் ஐந்து வருஷ ஓ அண்ட் எம் (இயக்கிப் பராமரிக்கும்) ஒப்பந்தம் யாருக்கு. இந்த மூன்றும் அங்கே குடிவரப் போகிறவர்களுக்கும் வேண்டும். அவர்கள் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் பலம்.

கலவைக்கணக்கு

மதிலை நாலடி தூக்குவது பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் விழுந்து பக்கத்துக் குடியிருப்பில் 17 பேர் செத்தார்கள். தலித் குடியிருப்பைப் பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு உயரம் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அதற்கு முன் மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவர், 2008ல்தான் ஒரு பகுதியை இடித்தார்கள். சமூகக் கதையை மற்றவர்கள் எழுதட்டும், நான் சுவரை எழுதுகிறேன்.

கேட்டட் கம்யூனிட்டி மனையை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர் மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். ஆக உங்கள் பின்மதில் காம்பவுண்டு சுவர் இல்லை, மண்ணைத் தாங்கும் சுவர். 2 மீட்டர் உலர்ந்த மண் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 1.2 டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் நிரம்பி வெளியேற வழி இல்லையென்றால் 2.6 டன். இரண்டு மடங்குக்கு மேல். 9 இஞ்ச் செங்கல் சுவர் அதற்குக் கட்டினது இல்லை. அதன் தலையில் இன்னும் நாலடி ஏற்றினால் காற்றுத் தள்ளலும் சேரும், அஸ்திவாரம் பழசு.

செய்ய வேண்டியது: மண் தாங்கும் உயரம் வரை ஆர்சிசி ரீடெய்னிங் சுவர், வடிவமைப்பு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்தோடு. ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வீதம் 4 இஞ்ச் பிவிசி வீப் ஹோல் (சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடியும் துளை), உள்பக்க வாயில் ஜல்லியும் ஜியோ துணியும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே களிமண் அடைத்துக்கொள்ளும். அந்த வீப் ஹோல் தண்ணீர் பக்கத்து மனையில் விழாமல் சுவரடியில் உங்கள் செலவில் ஒரு வடிகால். இருக்கிற சுவரில் கிடைமட்ட விரிசலோ வெளிப்பக்கச் சாய்வோ தெரிந்தால் உயர்த்துவதை விடுங்கள், இறக்குங்கள்.

ஏரிக்கரையான்

மேலே சொன்னதோடு சேர்த்து வெள்ளம். தென்புறநகரில் தண்ணீர் மேற்கே இருக்கும் ஏரிகளிலிருந்து, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், கிழக்கே பள்ளிக்கரணை சதுப்புக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகணும். நடுவுல ஒவ்வொரு வளாகமும் மனையை உயர்த்தி மதில் போட்டா தண்ணி தாழ்வா இருக்கிற இடத்துக்குப் போகும். செம்மஞ்சேரி வாரியக் குடியிருப்பு ஒவ்வொரு பெருமழைக்கும் நீந்துறது இதனாலதான் பெரும்பாலும்.

இந்த 480 வீட்டு மனை உங்களைவிடத் தாழ்வா? அப்படின்னா அவங்களும் உயர்த்துவாங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற தெரு குளம். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு மனைக்கும் சேர்த்து ஒரு லெவல் சர்வே, ஒரே பெஞ்ச்மார்க்ல (உயரம் அளக்கத் தொடங்கும் நிலையான குறி), எடுக்கச் சொல்லிக் கேளுங்க. டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி) வெச்சா ரெண்டு நாள் வேலை. நீர்வளத் துறை தடையின்மைச் சான்றுல என்ன லெவல் போட்டிருக்குன்னு நகல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க. கட்டினப்புறம் லெவல் மாத்த முடியாது.

ஓஎம்ஆர்ஓனர்77

வாரியக் கட்டடத் தரம் பற்றி? புளியந்தோப்பு கே.பி. பார்க்ல தொட்டா பூச்சு உதிர்ந்தது 2021ல டிவியில எல்லாரும் பார்த்தது. நாளைக்கு அதே நிலைமைல ஒரு கட்டடம் பக்கத்துல நின்னா?

கலவைக்கணக்கு

நல்ல கேள்வி, தப்பான முடிவு. அப்போது ஐஐடி சென்னையை வைத்து ஆய்வு செய்தார்கள். அதே மாதிரி மூன்றாம் தரப்பு தரப் பரிசோதனை இங்கே வேலை நடக்கும்போதே வேண்டும் என்று கேளுங்கள். பூச்சு உதிர்வதற்கு வழக்கமான காரணம் நாலு: சிமென்ட் குறைவு, எம்-சாண்டில் தூள் அதிகம், செங்கலையோ பிளாக்கையோ நனைக்காமல் பூசியது, பூசியபின் ஏழு நாள் தண்ணீர் காட்டாதது. கடைசி இரண்டையும் காலையில் ஒரு சுற்றில் கண்ணால் பார்த்துவிடலாம்.

கோட்டூர்கோபு

விலைக் கேள்வி தொங்குகிறது. விழுமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் வாரியம் ஏன் கட்ட வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்கில் சென்னையில் 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள், 45 லட்சத்துக்குள் இருந்தால் அது மலிவு வீடு, 1 சதவீத வரி. 36 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் இஎம்ஐ 31,200 சொச்சம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு என்பதற்கு அரசு வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம், மாதம் 25,000. மொத்தச் சம்பளத்தைக் கொடுத்தாலும் மலிவு வீட்டின் தவணை வராது. தனியார் பில்டர் இந்த இடைவெளியை நிரப்பமாட்டார். வாரியம் கட்டவில்லையென்றால் அந்த ஆட்கள் கால்வாய் கரையிலோ, பத்துக்குப் பத்து லைன் வீட்டிலோதான்.

பில்டரைக் கொண்டே கட்ட வைக்கவும் பார்த்தார்கள். சென்னையின் 2008 இரண்டாம் மாஸ்டர் பிளான் விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் 10 சதவீத இடத்தில் 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள், அதே மனையில் அல்லது 2 கிலோமீட்டருக்குள் கட்ட வேண்டும், இரண்டு வீட்டை ஒன்றாக்கக் கூடாது என்று இருந்தது. நந்தி, உங்கள் 5 ஏக்கர் அந்தக் காலத்து அனுமதி என்றால் உங்கள் வரைபடத்திலேயே அந்தச் சின்ன வீடுகள் இருக்கும். யாருக்கு விற்றார்கள் என்று பாருங்கள். ஒரே ஆள் பெயரில் அடுத்தடுத்த இரண்டு வீடு, நடுச்சுவர் காணோம் என்றால் விஷயம் புரிந்துவிடும்.

அந்த ஏற்பாடு ஓடாததற்குக் கெட்ட எண்ணம் மட்டும் காரணமில்லை, பராமரிப்புக் கட்டணமும் காரணம். சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் என்றால் 45 சதுர மீட்டர் வீட்டுக்கு மாதம் 1,700. நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் சேர்த்து. கட்ட முடியாமல் ஒரு வருஷத்தில் விற்றுவிடுவார்கள். செலவை இரண்டு தலைப்பாகப் பிரித்து, தண்ணீர், எஸ்டிபி, லிஃப்ட், தெருவிளக்கு ஒன்று, கிளப் ஹவுஸ் வகையறா இன்னொன்று என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் தாக்குப்பிடித்திருப்பார்கள். பத்திரம் ஆன பிறகு சங்கப் பொதுக்குழுவில் மாற்ற முயன்றால் ஓட்டு கிடைக்காது.

வக்கீல்வண்டு

வாரியக் குடியிருப்புகளில் இப்போது "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து, அவர்கள் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் போடுகிறது. பக்கத்துச் சங்கம் என்று ஒன்று இருக்கும், கடிதம் எழுத ஒரு முகவரி இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாவலூர்நந்தி

எல்லாருக்கும் நன்றி. வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, தானப் பத்திரம் இருக்கு, பட்டா இன்னும் பில்டர் பேர்லதான். மனுவை இப்படி மாத்தி வெச்சிருக்கேன். ஒன்று, நில வகைப்பாடு 'அ' பதிவேட்டு நகல். இரண்டு, இரு மனைக்கும் பொது லெவல் சர்வே. மூன்று, பாதாளச் சாக்கடை இணைப்பு தேதியும் எஸ்டிபி ஓ அண்ட் எம் விவரமும். நான்கு, மூன்றாம் தரப்பு தரப் பரிசோதனை. ஐந்து, குடிவரும் முன்பே பஸ் நிறுத்தமும் ரேஷன் கடையும். ஆறு, ஓஎஸ்ஆர் நிலத்தைப் பூங்காவாக நாங்களே பராமரிக்க அனுமதி.

பட்டா_பார்

ஆறை மாற்றுங்கள். "நாங்களே பராமரிக்க" என்றால் கேட் உள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்றுதான் படிப்பார்கள். உட்பிரிவு செய்து உள்ளாட்சி பெயருக்குப் பட்டா மாற்ற தாசில்தாருக்குத் தனி மனு, பின்தெருவிலிருந்து வழி திறப்பதற்கு உள்ளாட்சிக்குத் தனி மனு. இரண்டையும் இந்த மனுவுக்கு முன் தேதியில் போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எழில்நகர்எழிலி

வழி பின்தெருவுல திறந்தா அந்த நாலடி கேட்டும் அதே இடத்துல வந்துடும். ஒரே செக்யூரிட்டி போதும்.

ஓஎம்ஆர்ஓனர்77

பொதுக்குழுல வைங்க. நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன், ஆனா அஜெண்டால போட ஆட்சேபம் இல்ல. லெவல் சர்வேக்கு என் பேர்ல 2,000 எழுதிக்குங்க.